எர்ணாவூருக்குத் தடையுத்தரவு கொண்டுபோன நாள்

போன பதிவின் பின்னூட்டத்தில் சட்டக் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். பொதுநல வழக்கு நடத்துகிற வக்கீலிடம் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை, வேலை வடசென்னைப் பக்கம் இருக்கும் என்கிறார்கள், எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, பெண்கள் தனியாகப் போகலாமா என்று. பஸ் எங்கே கிடைக்கும், டிக்கெட் எவ்வளவு என்று நாலு வரி எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அந்த வழியை நினைத்தாலே அங்கே போன ஒரு நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் வழியோடு சேர்த்து அந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். பொறுமையில்லாதவர்கள் கடைசிப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சுனாமி வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்த ஜூன் மாதம் அது. மூன்றாம் வருடப் பரீட்சை முடிந்திருந்தது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கம்பெனிச் சட்டம் பார்க்கிற ஆபீஸ்களுக்கு, ஏ.சி. அறையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்காரப் போனார்கள். எனக்குக் கிடைத்தது பாரிமுனையில் ஒரு சந்துக்குள், இரண்டாவது மாடியில் இருந்த ஆபீஸ். ஒரே ஒரு மின்விசிறி. அதற்கு நேர் கீழே உட்காரும் உரிமை சீனியருக்கு மட்டும். அவரை எல்லாரும் மேடம் என்போம். குடிசை அகற்றல், போலீஸ் அடி, தொழிற்சாலை விபத்து என்று காசு தராத வழக்குகளாகத் தேடிப் பிடித்து நடத்துகிறவர். நான் சேர்ந்த முதல் நாளே, "அரசியல் சட்டத்துல எத்தனை ஷரத்து தெரியும்கிறது அப்புறம். எர்ணாவூருக்கு பஸ் எங்க ஏறணும்னு தெரியுமா?" என்றார். நான் பாளையங்கோட்டைக்காரி. எனக்கு எக்மோருக்கு வடக்கே எதுவுமே தெரியாது.

அந்த வழி இதுதான். பாரிமுனையில் இருந்து எர்ணாவூர் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். எண்ணூர் போர்டு போட்ட பஸ்ஸில் ஏறினால் அப்போது ஆறு ரூபாய் டிக்கெட். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று போகும். காலை ஏழு மணிக்கு முன்னால் கிளம்பினால் முக்கால் மணி நேரம். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ஆண்டவன் விட்ட வழி. துறைமுகத்துக்குள் போக வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள் சாலையின் ஒரு பாதியைச் சொந்தமாக்கிக்கொண்டிருக்கும். ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். ராயபுரம் தாண்டுவதற்குள் சட்டைக் காலரில் கரி படிந்திருக்கும். ரயிலென்றால் பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி கத்திவாக்கத்தில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். ரயில் சுத்தம், ஆனால் அடிக்கடி கிடையாது.

நான் முதல்முறை போனது பிரமாணப் பத்திரம் தயாரிக்க. எர்ணாவூரில் கடலை ஒட்டிய சாலையின் ஓரம் நாற்பது குடும்பங்கள் வரை இருந்தன. ஒருபக்கம் அலை வராமல் இருக்கக் கொட்டிய கருங்கல், மறுபக்கம் லாரி. நடுவில் இருந்த மண் பட்டையில் வீடுகள். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், காலி செய்ய வேண்டும், மாற்று வீடு நகரத்தின் தெற்குக் கோடியில் தருகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவர்கள் வரைபடத்தில் தெற்குக் கோடி எங்கே இருக்கிறது என்று பார்த்தார்களா தெரியவில்லை. அங்கிருந்து எர்ணாவூர் நாற்பது கிலோமீட்டருக்கு மேல்.

வெயிலில் நின்று யாரிடம் பேசுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த என்னை முதலில் உள்ளே கூப்பிட்டது பத்மாக்கா. நாற்பது வயது இருக்கும். மீன் விற்கிறவர்.

"இன்னாம்மா, வக்கீலுக்குப் படிக்கிற புள்ள இப்பிடி வெய்யில்ல காஞ்சிகினு நிக்கிற? உள்ள வந்து குந்து. வூடு சின்னதுதான், கலீஜா இருக்காது, பயப்படாத."

கலீஜாக இல்லை. நான் இருந்த ஹாஸ்டல் அறையைவிடச் சுத்தமாக இருந்தது. அந்த வீட்டில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தேன். எங்குமே ஆணி இல்லை. கம்பும் சட்டமும் சேரும் இடத்திலெல்லாம் நட்டும் போல்ட்டும். கூரைத் தகரம் ஒவ்வொன்றின் மூலையிலும் பெயிண்டால் ஒரு எண். அக்காவின் வீட்டுக்காரர் ஏழுமலை கன்டெய்னர் யார்டில் வேலை செய்பவர். நான் மேலே பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"ஆணி அட்ச்சா கய்ட்ட சொல்ல தகரம் கிய்ஞ்சிடும்மா. நாங்க ராயபுரத்துல இருந்து ஒருக்கா கய்ட்டினு வந்தோம். அப்பால சுனாமில பாதி பூட்ச்சி. இங்க எல்லா வூடும் இப்பிடித்தான். நோட்டீஸ் வந்தா ரெண்டு மணி நேரத்துல மொத்தமும் பிரிச்சிடுவோம்."

அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கும் கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. ஊரை விட்டு ஊர் துரத்தப்பட்டவர்கள் கற்றுக்கொண்ட கட்டடக் கலை அது. எந்தக் கல்லூரியிலும் அதைச் சொல்லித் தருவதில்லை.

பத்மாக்காவுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்கு முன்னால் ஆரம்பித்துவிடும். இங்கிருந்து ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு ஷேர் ஆட்டோ பேசி மூன்று மணிக்குக் கிளம்பிப் போவார்கள். ஏழு மணிக்கு எர்ணாவூர் தெருக்களில் மீன் விற்றுக்கொண்டிருப்பார். "அந்தாண்ட கொண்டு போய்ப் போட்டாங்கன்னா எனக்கு ஏலமே கெடையாதும்மா. அந்த நேரத்துல வண்டி ஏது, பஸ் ஏது? நான் வூடு கேக்கல. அவுங்க குடுக்குற வூடு மாடி வூடா கூட இருக்கட்டும். நான் கேக்குறது காசிமேட்டுக்குப் பக்கத்துல ஒரு எடம். அத்த மட்டும் எய்து" என்றார். நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். ஏழாவது படிக்கும் அவருடைய மகள் சந்தியா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கி, ரேஷன் அட்டை நகல்களைச் சேர்த்து, மேடம் வழக்குப் போட்டுவிட்டார். விசாரணை வெள்ளிக்கிழமை என்று வந்தது. நோட்டீஸில் காலி செய்யச் சொன்ன கெடுவும் அதே வெள்ளிக்கிழமைதான். தீர்ப்பு வந்தால் எப்படிச் சொல்வது என்று முன்னாலேயே பேசிவைத்திருந்தோம். குடிசைகளுக்கு எதிரே சாத்தான்குளத்துக்கார அண்ணாச்சி ஒருவரின் மளிகைக்கடை இருக்கிறது. அங்கே ஒரு ரூபாய் காயின் போன் உண்டு. அதற்கு அடிப்போம், அண்ணாச்சி சத்தம் போட்டுச் சொல்லிவிடுவார். ஏழுமலை அண்ணனிடமும் ஒரு செல்போன் இருந்தது. ஏற்பாடு பிரமாதம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கோர்ட் பத்தரைக்கு ஆரம்பித்தது. எங்கள் வழக்கு பதினொன்றரைக்குக் கூப்பிடப்பட்டது. மேடம் பத்து நிமிடம்தான் பேசினார். அதில் ஐந்து நிமிடம் மீன் ஏலம். நீதிபதி நிமிர்ந்து, "மூன்று மணிக்கு இவர்கள் வேலைக்குப் போக வேண்டும் என்றால் பஸ் இருக்கிறதா அங்கே?" என்று அரசு வக்கீலைக் கேட்டார். விசாரித்துச் சொல்கிறோம் என்றார் அவர். விசாரித்துச் சொல்லும் வரை வீடுகளை இடிக்கக் கூடாது, இரண்டு வாரம் இடைக்காலத் தடை என்று உத்தரவாகிவிட்டது. நான் எழுதிய ஒரு வரி கோர்ட்டில் வேலை செய்கிறதை முதல்முறை பார்த்தேன். வராண்டாவுக்கு வந்து கிட்டத்தட்டக் குதித்தேன்.

அண்ணாச்சி கடைக்குப் போன் அடித்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஏழுமலை அண்ணன் செல் ஸ்விட்ச் ஆஃப். மறுபடி, மறுபடி. உத்தரவின் நகல் கைக்கு வர ரெண்டு நாள் ஆகும். அதுவரை, இன்ன உத்தரவு ஆகியிருக்கிறது என்று வக்கீல் கையெழுத்துப் போட்டுத் தருகிற கடிதம்தான் கையில் இருக்கும். மேடம் அதை வராண்டாவிலேயே எழுதி என்னிடம் கொடுத்தார். அவருக்கு அடுத்த வழக்கு காத்திருந்தது. "பஸ் வேணாம், ஆட்டோ பிடி. போய்ச் சேர்ந்ததும் அங்க இருக்கிற ஆபீசர் கையில குடு" என்றார்.

ஐகோர்ட் வாசலில் ஆட்டோ நூற்று எண்பது கேட்டார்கள். நூற்றைம்பதுக்குப் பேசி ஏறும்போது பன்னிரண்டு மணி பத்து நிமிடம். டிரைவர் வண்ணாரப்பேட்டைக்காரர், ஐம்பது வயது இருக்கும். துறைமுகம் ஆறாவது கேட் வரைக்கும் பறந்தார். அதற்கப்புறம் நின்றது. முன்னால் கன்டெய்னர், பக்கத்தில் கன்டெய்னர், பின்னாலும் வந்து ஒன்று ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடம், இருபது நிமிடம். நான் கடிதத்தை மடித்தும் பிரித்தும் வைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா தங்கச்சி, ஆசுபத்திரி கேஸா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். சொன்னேன். வீடு இடிக்கப் போகிறார்கள், இடிக்கக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது, அங்கே யாருக்கும் தெரியாது.

"அட, மொதல்லயே சொல்ல மாட்ட?" என்றவர் வண்டியை அப்படியே நடைபாதையில் ஏற்றினார். ஒரு சந்து, இன்னொரு சந்து, ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், யாரோ காயப்போட்ட கருவாட்டுக்கு ஓரமாக, பிறகு திருவொற்றியூர் நெடுஞ்சாலை. அங்கேயும் ஒரு கோயில் ஊர்வலம். அவர் திட்டிய திட்டை எழுதினால் இந்தப் பதிவை நீக்கிவிடுவார்கள். எர்ணாவூர் திரும்பும்போது மணி ஒன்று இருபது. பதின்மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மணி பத்து நிமிடம்.

வளைவு திரும்பியதும் கடல் தெரிந்தது. அந்த இடத்தில் கடல் தெரியக் கூடாது. வீடுகள்தான் தெரிய வேண்டும்.

இடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. ஆனால் இறங்கி ஓடினால், உடைந்தது என்று ஒன்றுமே இல்லை. தகரங்கள் எண் வரிசையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கம்புகள் கட்டுக் கட்டாகக் கயிறு போட்டுக் கட்டியிருந்தன. கதவுகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்திருந்தன. பாத்திரம், பாய், தையல் மிஷின், சாமி படம், எல்லாம் குடும்பம் குடும்பமாகச் சாலையோரம். ஜேசிபி ஒன்று ஓரமாக நின்றது. அதன் டிரைவர் மேலே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வண்டி வந்ததில் இருந்து ஒரு அடி கூட நகரவில்லை. மண்ணில் கம்பு நட்ட குழிகள் மட்டும் வரிசையாக இருந்தன.

என்ன நடந்தது என்று அண்ணாச்சிதான் சொன்னார், பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே நின்றுகொண்டு. "காலையில ஒம்பது மணிக்கே போலீசு வந்துட்டும்மா. கடைய அடைன்னுட்டாம்லா. உள்ள போன் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு, தொறக்க விடல. முந்தாநாளே கரண்டப் புடுங்கிட்டானுவ, ஒருத்தன் செல்லுலயும் சார்ஜ் கெடையாது. பன்னெண்டு மணிக்கு வண்டிய விடுவோம், அதுக்குள்ள சாமான எடுத்துக்கிடுங்கன்னான். ஒடனே எல்லாரும் ஸ்பேனர எடுத்துட்டாங்க."

பத்மாக்கா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். "கெட்ச்சுதாம்மா? கோர்ட்டுல குட்த்தாங்களா?" என்றார். கிடைத்தது என்றேன். இடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பி, "யோவ், கெட்ச்சிடுச்சாம்யா! இடிக்கக் கூடாதாம்!" என்று கத்தினார். நாற்பது குடும்பமும் எழுந்து நின்றது. ஏழுமலை அண்ணன் தன் கம்புக் கட்டை அவிழ்த்து, மூலைக்கம்பை எடுத்துக்கொண்டு போய் அதன் குழியிலேயே நட்டார்.

நான் கடிதத்தை அதிகாரியிடம் கொடுத்தேன். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வெயிலில் நின்று அவருக்கும் முகம் கறுத்திருந்தது. இரண்டு முறை படித்தார். மரியாதையாகவே பேசினார்.

"சரிம்மா. இடிக்கக் கூடாதுன்னு இருக்கு. நாங்க எதையும் இடிக்கலையே. தொடக்கூட இல்ல. அவங்களே காலி பண்ணிட்டாங்க. பாருங்க, மாத்து வீட்டுக்கு டோக்கன் கூட வாங்கியாச்சு."

"அவங்க காலி பண்ணல சார். சாமான் உடையக் கூடாதுன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. திரும்பக் கட்டிக்குவாங்க."

"அதான் முடியாதும்மா. இருக்கிற வீட்ட இடிக்கத்தான் தடை. புதுசா வீடு கட்ட கோர்ட்டு அனுமதி குடுத்திருக்கா? குடுத்திருந்தா அந்த வரிய காட்டுங்க."

அந்த வரி இல்லை. எழுந்து நின்ற வீட்டைக் காப்பாற்றுகிற வரிதான் கடிதத்தில் இருந்தது. மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் அதிகாரியிடம் பேசினார், கெஞ்சினார், கடைசியில் எனக்கே கேட்கும்படி கத்தினார். அதிகாரி போனைத் திருப்பித் தந்துவிட்டு ஜேசிபி பக்கம் கையைக் காட்டினார். மண்ணை நிரவுவது வீட்டை இடிப்பது ஆகாதாம். டிரைவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு வண்டியை எடுத்தார். இரண்டு போலீஸ்காரர்கள் ஏழுமலை அண்ணன் நட்ட கம்பைப் பிடுங்கி, பத்திரமாக, அவருடைய கட்டின் மேலேயே வைத்தார்கள். கால் மணி நேரத்தில் குழிகள் எல்லாம் மூடிவிட்டன. அங்கே யாரோ குடியிருந்தார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஏழுமலை அண்ணன் தகர அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "இவ சொன்னாம்மா. அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும் பொறு, வரேன்னு சொல்லிக்கீதுன்னு சொன்னா. நாந்தான் கேக்கல. ராயபுரத்துல மொத தபா இடிக்க வந்தப்ப பொறுத்துப் பாத்தேன், ஒரு தகரம் மிஞ்சல. அந்த பயத்துல நானே... என் கையாலயே கய்ட்டிட்டேனே." ஆண்கள் அழுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடலைப் பார்த்தேன்.

பத்மாக்கா அவரைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ இன்னா பண்ணுவ, லாரி நின்னுகினு இருந்தா" என்று மட்டும் சொன்னார். நாலு மணிக்கு லாரிகள் வந்தன. சாமான்களை ஏற்றும்போது நானும் பிடித்துக்கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆட்டோக்காரர் அதுவரை கிளம்பாமல் நின்றிருந்தார். அவரும் வந்து ஒரு பீரோவைப் பிடித்தார். போகும்போது காத்திருந்ததற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வழக்கு அடுத்த மூன்று வாரத்தில் முடிந்தது. வீடு எதுவும் இடிக்கப்படவில்லை, மனுதாரர்கள் தாங்களாகவே காலி செய்துவிட்டார்கள், ஆகவே மனுவில் மேற்கொண்டு ஏதுமில்லை என்று கோர்ட் முடித்துவிட்டது. மேடம் போட்டோக்களைக் காட்டினார். அடுக்கி வைத்த தகரங்கள் போட்டோவிலும் அடுக்கி வைத்த தகரங்களாகவே இருந்தன. பலவந்தம் எதுவும் அதில் தெரியவில்லை. உடைந்த ஒரு சுவர் இருந்திருந்தால் எங்களுக்கு வழக்கு இருந்திருக்கும். வெளியே வந்து டீ குடித்தோம். அன்றைய கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யார் மேல் என்றுதான் சொல்லத் தெரியவில்லை. அன்று அங்கே இருந்த ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்.

அக்டோபரில் பத்மாக்காவைப் பார்க்கப் புது இடத்துக்குப் போனேன். பாரிமுனையில் இருந்து இரண்டு பஸ் மாறி, இரண்டே கால் மணி நேரம், பதினேழு ரூபாய். மூன்றாவது மாடி. சுவரில் கை வைத்தால் சுண்ணாம்பு ஒட்டியது. எர்ணாவூரில் பார்த்த அக்காவா என்று இருந்தது, அவ்வளவு இளைத்திருந்தார். முதல் மாதம் முயற்சி செய்து பார்த்தாராம். சாயந்தரமே கிளம்பிப் போய், ஏலக்கூடத்துச் சிமென்ட் தரையில் படுத்திருந்து, மீன் எடுத்துக்கொண்டு எர்ணாவூருக்கே போய் விற்றுவிட்டு, மத்தியானம் திரும்புவது. சந்தியா இங்கே தனியாக இருந்தாள். ஒரு நாள் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள் என்று பயந்து காய்ச்சல் வந்துவிட்டது. அதோடு விட்டாச்சு. இப்போது பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடத்தில் கக்கூஸ் கழுவுகிறார். ஏழுமலை அண்ணன் வேலையை விட முடியாமல் யார்டிலேயே தங்கி சனிக்கிழமை மட்டும் வருகிறார்.

"அங்க ஏலத்துல என்னியப் பாத்தா வெல சொல்றவனே கொஞ்சம் பயப்படுவான். பத்மா வந்துட்டா, டபாய்க்க முடியாதும்பான்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். "இங்க ஒருத்தருக்கும் என் பேரு தெரியாது. 'ஹவுஸ்கீப்பிங்'னு கூப்புடுறாங்கோ."

சரி, பின்னூட்டத்தில் கேட்டவர்களுக்கு இனி நேரான பதில்கள். பெண்கள் தாராளமாகத் தனியாகப் போகலாம். என்னிடம் அந்தப் பக்கத்தில் யாரும் ஒருநாளும் தவறாகப் பேசியதில்லை, கேலி பேசியிருக்கிறார்கள், அது வேறு. பருத்திச் சட்டை, அடர்ந்த நிறம். வெள்ளை வேண்டவே வேண்டாம். தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள், ஆனால் வீட்டில் கொடுக்கிற தண்ணீரை மறுக்காதீர்கள், அவர்கள் அதை லாரிக்குக் காத்திருந்து பிடித்திருப்பார்கள். சாப்பாட்டுக்குத் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் நல்ல மெஸ்கள் உண்டு, அப்போது சாப்பாடு இருபது ரூபாய். திரும்பும்போது பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிடலாம். அவசர வேலை என்றால் ஆட்டோவை நம்பாதீர்கள், ரயில் நேரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன் எண் இரண்டு போதாது, வழக்கு நாளன்று உங்களில் ஒருவர் காலையில் இருந்தே அங்கே இருக்க வேண்டும், சார்ஜ் உள்ள செல்போனோடு.

இனிச் சொல்லப்போகிற கடைசி யோசனைதான் முக்கியமானது என்று நினைத்து, முதலில் அதை இந்தப் பதிவின் தலைப்பாகவே வைக்க இருந்தேன். ஜூனுக்குப் பிறகு எங்கள் ஆபீஸில் அது வழக்கமாகிவிட்டது. வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிற அன்றே மக்களிடம் சொல்லிவிடுகிறோம்: யார் வந்து மிரட்டினாலும் வீட்டில் ஒரு தகரத்தைக் கூடக் கழற்றாதீர்கள், வீடு நின்றால்தான் கோர்ட்டில் நாங்கள் நிற்க முடியும்.

அக்டோபரில் அதை நான் பத்மாக்காவிடமும் சொன்னேன். அவருக்கு நடந்தது இனி யாருக்கும் நடக்காது என்று ஆறுதலாகச் சொல்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. அவர் கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரிம்மா. கய்ட்டாம குந்திகினு இருக்காங்கோ. கோர்ட்டுல குடுக்கலன்னா?"

அவரே தொடர்ந்தார்.

"ஜேசிபி வந்து மொத்தமும் நசுக்கிடும். அப்ப அந்தத் தகரத்துக்கு யாரும்மா பொறுப்பு? உங்க மேடமா, நீயா?"

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நீங்களும் போங்கள், கட்டாயம் போங்கள். போய், கழற்றாதீர்கள் என்று சொல்லுங்கள், நானும் இன்றுவரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் சொல்லி முடித்ததும் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்பார்.